புயலுக்குச் சொல் தந்த கப்பல் தலைவர்: ஹென்றி பிடிங்டன்



கடலை நம்பி வாழும் இனயத்தாருக்கு 'சைக்ளோன்' என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, மீனவராயிருந்து திருத்தூதரான புனித அந்திரேயாவின் திருநாள். கோட்டாறு சவேரியார் பெருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அன்று வீசிய ஒக்கி புயலில், குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை வெளியாவதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டவர்கள் அவர்களில் பலர். கரையில் சொன்னது நடுக்கடலுக்கு எட்டவில்லை.

கரையோடு பேச வழியில்லாத ஒருவன், புயல் தனக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் போனால் பிழைக்கலாம் என்று தானாகவே அறிய முடியுமா? இந்தக் கேள்விக்கே தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகளைக் கொடுத்தவர் ஹென்றி பிடிங்டன். சைக்ளோன் என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தாம்.

1797-ல் இங்கிலாந்தில் பிறந்த அவர், இளமையிலேயே கடலுக்குப் போனார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வணிகம் செய்த கப்பல்களில் வளர்ந்து கப்பல் தலைவரானார். பின்னர் கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தாவில் நிலையாகத் தங்கினார். பல துறைகளில் நாட்டமுள்ளவர். இந்தியச் செடிகொடிகளின் பெயர்களுக்கு 1832-ல் ஓர் அகரவரிசை வெளியிட்டார். கனிமங்களைச் சேர்த்து வைத்த அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல் விசாரணை மன்றத்தின் தலைவர் பதவியும் அவருக்கு வாய்த்தது. கப்பலை இழந்தவர்களின் வாக்குமூலங்களை நேரில் கேட்கும் வேலை அது. நம் கதைக்கு இதுவே முக்கியம்.

அந்தக் காலத்தில் கடலில் போன உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. 1839 நவம்பரில் காக்கிநாடாவுக்கு அருகே கோரிங்கா என்னும் துறைமுகத்தைப் புயலும் கடல் அலையும் சேர்ந்து அழித்தன. 1840 செப்டம்பரில், சென்னைப் படையின் சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற 'கோல்கொண்டா' என்ற கப்பல் சீனக் கடலில் புயலில் சிக்கி மூழ்கியது. அதில் போன நம் நாட்டு மக்களின் வீடுகளில் எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்! உடல் கிடைக்காத சாவு எப்படிப்பட்டது என்பதைக் கடற்கரைக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

புயல் என்றால் நேராக வீசும் பெருங்காற்று என்றே மாலுமிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது வட்டமாகச் சுழலும் காற்று என்று அமெரிக்காவில் ரெட்பீல்டு என்பவர் 1831-ல் எழுதினார். ஆங்கிலப் படை அதிகாரி ரீடு 1838-ல் அதை ஒரு நூலாகவே விரித்துரைத்தார். பிடிங்டன் அந்த வழியைப் பற்றிக்கொண்டார். 1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் வீசிய புயலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வே முதலாவது. அதன்பின் ஒவ்வொரு புயலுக்கும் ஒன்றாக, ஆண்டுதோறும் எழுதிக்கொண்டே போனார்.

அவர் செய்த வேலை பார்வைக்கு எளியது. துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்குவார். இன்ன மணிக்கு இன்ன இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறிப்பார். பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து வந்த கப்பலின் குறிப்பும் அதில் சேரும். ஒரே புயலில் பத்துக் கப்பல்கள் கண்ட பத்துக் காற்றுகளையும் ஒரு தாளில் பார்த்தால் வட்டம் தானே தெரியும். நடுவில் காற்றில்லாத அமைதியும் தெரியும். அந்த நடுவைத்தான் இன்று புயலின் கண் என்கிறோம். ஒக்கி என்ற வங்காளச் சொல்லுக்குப் பொருளும் கண் என்பதே.

அவர் கைக்கு வந்த வரலாறுகளில் இரண்டு மறக்க முடியாதவை. 1844 நவம்பரில் 'பிரிட்டன்', 'ரன்னிமீடு' என்ற இரண்டு கப்பல்கள் படைவீரர்களையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு, வெவ்வேறு துறைகளிலிருந்து கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பற்றி மற்றதற்குத் தெரியாது. அந்தமான் கடலில் ஒரே புயல் இரண்டையும் பிடித்தது. இரவில் பாறைத்திட்டைத் தாண்டி, ஒரு தீவின் அலையாத்திக் காட்டுக்குள் தூக்கி எறிந்தது. விடிந்து பார்த்தால் பக்கத்திலேயே இன்னொரு கப்பல்! இரண்டிலுமாக அறுநூறு பேருக்கு மேல். பெரும்பாலோர் உயிர் தப்பினர்.

மற்றது 'சார்லஸ் ஹெடில்' என்ற சிறு கப்பல். 1845 பிப்ரவரியில் மொரீசியஸ் தீவை விட்டுப் புறப்பட்டதும் புயலில் அகப்பட்டது. அதன் தலைவர் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடினார். புயலில் எல்லாரும் செய்வது அதுதான். ஐந்து நாட்கள் ஓடியது கப்பல். கடைசியில் பார்த்தால், புறப்பட்ட மொரீசியஸ் தீவுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது! புயலின் நடுவை அது ஐந்து முறை சுற்றியிருந்தது. காற்று வட்டமாகச் சுழலுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

இந்தச் சுழற்சிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்று பெயரிட்டு, 1848-ல் வெளியான தம் மாலுமிக் கைநூலில் எழுதினார். அந்த நூலோடு கொம்பைச் சீவிச் செய்த, ஒளி ஊடுருவும் இரண்டு தகடுகளும் கொடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அவற்றில் காற்றின் வட்டம் அச்சிடப்பட்டிருக்கும். தகட்டை வரைபடத்தின் மேல் வைத்து, வீசுகிற காற்றோடு பொருத்திப் பார்த்தால் புயலின் நடு எங்கே என்று தெரியும். ஏட்டறிவு அதிகமில்லாத கப்பற்காரனும் பயன்படுத்தட்டும் என்பதே அவர் எண்ணம்.

தகடு இல்லாவிட்டாலும் அந்த விதி கையிலேயே இருக்கிறது. நம் கடலில், காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் நடு வலக்கைப் பக்கம். ஒக்கி குமரிமுனைக்குத் தெற்கே கடலில் மேற்காகப் போயிற்று. அத்தகைய புயலுக்கு வடக்கே நிற்பவருக்குக் காற்று கிழக்கிலிருந்து வரும், அதாவது கொண்டல். கிழக்கே முகம் வைத்தால் வலக்கை தெற்கே நீளும். காற்று நேர் வட்டமாக இல்லாமல் உள்நோக்கிச் சாய்ந்து வீசுகிறது என்று பின்வந்தவர்கள், குறிப்பாக மொரீசியஸில் மெல்ட்ரம் என்பவர், திருத்தினார்கள். ஆகவே நடு, வலக்கைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். விதியின் அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்த அறிவு பிறகு பல கரைகளில் வேர் விட்டது. இயேசு சபைக் குருக்களான பெனித்தோ வீஞ்ஞெஸ் அடிகளார் 1875-ல் கியூபாவின் அவானா நகரிலிருந்தும், பெடரிக்கோ பௌரா அடிகளார் 1879-ல் மணிலாவிலிருந்தும் புயல் எச்சரிக்கை விடுத்தனர். இந்திய வானிலைத் துறையும் 1875-ல் ஏற்பட்டதே.

பிடிங்டனுடைய வாழ்வில் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கல்கத்தாவுக்கு மாற்றாக, சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றின் கரையில் ஒரு துறைமுக நகரம் கட்ட அரசு முனைந்தது. 2016-ல் இனயத்தில் பன்னாட்டுத் துறைமுகம் வரப்போவதாக அறிவிப்பு வந்த நாட்களில் நம்மூரில் எழுந்த பேச்சுகளை மறக்காதவர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்கலாம். 1853-ல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதி அச்சிட்டார். அந்த இடத்தில் புயலோடு கடல் அலையும் ஏறி வரும், ஊரே நீரில் அமிழும் என்று எச்சரித்தார். துறைமுகம் வேண்டாம் என்பதற்கு அவர் காட்டிய காரணம் வேறெதுவுமில்லை. தாம் சேர்த்த புயல் கணக்குகளே. யாரும் செவிசாய்க்கவில்லை.

1858-ல் அவர் கல்கத்தாவில் காலமானார். நகரம் எழுந்தது, கானிங் துறைமுகம் என்று பெயரும் வைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து அங்கே இரயில் பாதையும் போட்டார்கள். 1867 நவம்பர் முதல் நாள் இரவு புயல் வந்தது. மாத்லா ஆற்று வழியாக அலை ஏறி, படகுத்துறைகளையும் கட்டடங்களையும் உடைத்துப் போட்டது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது.