கண்டிக் கைவினைஞரை உலகறியச் செய்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைச் சிவநடனத்தின் தத்துவத்தை மேல்நாட்டார்க்கு விளக்கியவர் என்றே நம்மவர் பலரும் அறிவர். 1918இல் வெளிவந்த அந்நூலுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, அன்னார் கண்டிப் பகுதியின் சிற்பாசாரிகள், சித்திரகாரர்கள் பற்றிப் பெருநூல் ஒன்றை இயற்றியிருந்தார்.

அன்னார் 22.08.1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்த சைவத் தமிழர். புத்தரின் தந்ததாது வரலாறு கூறும் தாதாவம்சத்தையும் மொழிபெயர்த்தவர். தாயார் ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த குழந்தை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுத் தேறி, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளரானார்.

கல்லைத் தேடிக் கிராமங்கள் தோறும் சென்றவரின் கண்ணில் பட்டது கல் மட்டுமன்று. மன்னர் காலத்தில் தச்சரும் கொல்லரும் தட்டாரும் அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஊழியம் செய்து, அதற்கென விடப்பட்ட காணியில் நெல் விளைத்து உண்டனர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் அவர்களை ஆதரிப்பார் குறைந்தனர். கப்பலில் வந்த மலிவுச் சாமான்கள் சந்தையை நிறைத்தன. பிரபுக்களும் மேல்நாட்டுப் பாணியையே விரும்பினர். திருப்பணி என்ற பெயரிலேயே பழைய வேலைப்பாடுகள் கெடுக்கப்படுவதைக் கண்டு மனம் வெதும்பிய குமாரசுவாமி, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு அவ்வாறு எழுதத் தனித்துணிவு வேண்டும்.

ஆசாரிமாரின் பட்டறைகளுக்கே சென்று அவர்களின் கருவிகள், அளவுகள், தொழிற்சொற்கள் அனைத்தையும் கேட்டறிந்தார். விக்கிரகம் செய்வோர் வழிவழியாகப் பேணிய சாரிபுத்திரம், ரூபாவலிய ஆகிய சிற்பநூல்களை ஆராய்ந்தார். புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கல்யச் சடங்கையும் விரிவாக எழுதிவைத்தார். நம் ஆலயக் கும்பாபிஷேகத்தில் நடைபெறும் நயனோன்மீலனத்தைக் கண்டவர்க்கு அது புதிதாகத் தோன்றாது. இதில் வியப்பில்லை. உடுநுவரையிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் அமைத்த தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்று கல்வெட்டே கூறுகின்றது. அயலிலுள்ள லங்காதிலக விகாரையில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்ற எம்பெக்கே தேவாலயமோ நம் கதிர்காமக் கந்தனுக்குரியது.

இவ்வாறு திரட்டியவற்றுடன் இங்கிலாந்து திரும்பியவர், மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூலைத் தாமே மேற்பார்வை செய்து அச்சிடுவித்தார். படங்களிற் பல அவருடைய மனைவி எதெல் எடுத்தவை. வில்லியம் மொறிஸ் என்னும் பெரியார் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்கள் அவ்வேலை நடைபெற்றது. அச்சிட்டவை 425 பிரதிகளே. கையால் உழைப்பவரைப் பற்றிய நூலைக் கையாலேயே அச்சிட்டமை பொருத்தமன்றோ!

1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பதவியேற்று, இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார். 1947 ஓகஸ்டில் எழுபதாவது பிறந்தநாளன்று, இந்தியா சென்று வாழப்போவதாக அன்பர்களிடம் அறிவித்தார். அது கைகூடவில்லை. அடுத்த மாதம் 9ஆந் திகதி அன்னார் சிவபதமடைந்தார்.