தொடும் புள்ளியின் கணக்கு

நுழையும்முன்

மின்காந்த அலைகளை ஆய்வில் மெய்ப்பித்தவராகவே உலகம் ஹென்ரிச் ஹெர்ட்ஸை அறியும். இருபத்து மூன்று வயதில் அவர் செய்த மற்றோர் ஆய்வு, உருளும் பொருள்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அளக்க வழிவகுத்தது. அந்த ஆய்வின் வழியே அவரது வாழ்வை அறிவோம்.

இரண்டு ஊர்கள், ஒரு வினா

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேர் வடம் பிடிக்கப்பட்டு வீதிகளில் அசைந்து வருகிறது. மரச் சக்கரங்கள் இருந்த இடத்தில் இன்று இரும்புச் சக்கரங்கள் அதன் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. அண்டையில் உள்ள இராஜபாளையத்தில், 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து நூற்புத்தொழில் தழைத்தது. அங்கே நூற்பாலைக் கதிர்கள் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. இரண்டு ஊர்களையும் இணைக்கும் இருப்புப்பாதையில் தொடர்வண்டி ஓடுகிறது. அதன் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஒரு விரல்நக அளவே. இத்தனை சிறிய இடம் அத்தனை பெரிய சுமையை எவ்வாறு தாங்குகிறது? இந்த வினாவுக்குக் கணக்கின் வழியே விடை கண்டவர் ஹெர்ட்ஸ்.

கடைசல் பயின்ற கை

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் ஹெர்ட்ஸ் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். வசதியான குடும்பத்தில் பிறந்தும் அவர் கைத்தொழிலை விரும்பிக் கற்றார். தச்சுக் கருவிகளும் கடைசல் எந்திரமும் அவருக்கு இளமையிலேயே பழகின. பின்னாளில் அவர் பேராசிரியரானதைக் கேள்வியுற்ற கடைசல் ஆசிரியர், தேர்ந்த தொழிலாளி ஒருவனை இழந்துவிட்டோமே என்று வருந்தியதாகக் கூறுவர்.

கட்டடப் பொறியாளராக வேண்டும் என்றே ஹெர்ட்ஸ் முதலில் எண்ணினார். எனினும் மியூனிக் நகரில் பயின்ற காலத்தில் அவர் மனம் அடிப்படை அறிவியலை நாடியது. நிலையான வருவாய் தரும் தொழிலைத் துறந்து இயற்பியலைத் தேர்ந்தார். 1878இல் பெர்லின் சென்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரிடம் மாணவரானார். 1880இல் முனைவர் பட்டம் பெற்று, அவருக்கே உதவியாளராகவும் அமர்ந்தார்.

விடுமுறையில் விளைந்த ஆய்வு

அக்காலத்தில் பெர்லின் இயற்பியலாளர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடி வில்லைகளுக்கு இடையே தோன்றும் ஒளி வளையங்களை ஆராய்ந்துவந்தனர். வில்லைகளை அழுத்தும் விசை அவற்றின் வடிவத்தையே சற்று மாற்றிவிடுமோ என்ற ஐயம் ஹெர்ட்ஸுக்கு எழுந்தது. 1880ஆம் ஆண்டின் கிறித்துமசு விடுமுறையில் அவர் அந்த ஐயத்தைத் தீர்க்க முனைந்தார். வளைந்த இரு பொருள்கள் அழுந்தும்போது, தொடும் புள்ளி சிறு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ விரிகிறது என்று காட்டினார். அவ்வட்டத்தின் அளவையும், அதன் நடுவில் உச்சம் பெறும் அழுத்தத்தையும் கணக்கிடும் வாய்பாடுகளை வகுத்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அறிஞர் அவையில் அதனை எடுத்துரைத்தார். கண்ணாடிக்காகத் தொடங்கிய கணக்கு இரும்புக்கும் பொருந்தியது.

உள்ளே தொடங்கும் சோர்வு

ஹெர்ட்ஸ் ஆராய்ந்தது அழுத்தத்தையே. உலோகச் சோர்வை அன்று. அவர் இட்ட அடித்தளத்தின்மேல் பின்வந்தோர் கட்டியெழுப்பினர். உருளும் எஃகுக் குண்டு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தொடும் இடம் அழுந்தி மீள்கிறது. அறுக்கும் விசை மேற்பரப்பில் அன்றி, தொடுவட்டத்தின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி ஆழத்தில்தான் உச்சம் அடைகிறது. பல இலட்சம் சுழற்சிகளுக்குப் பின் அங்கே நுண்விரிசல் பிறந்து, மேலெழுந்து, உலோகச் செதிலைப் பெயர்த்துவிடுகிறது. பளபளக்கும் மேற்பரப்பைக் கண்டு உள்ளிருக்கும் சோர்வை அறிய இயலாது. 1947இல் சுவீடன் அறிஞர்களான லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் தாங்கிகளின் ஆயுளைக் கணிக்கும் முறையை வகுத்தபோது, ஹெர்ட்ஸின் கணக்கே அதற்கு அடிப்படை ஆயிற்று.

ஹெர்ட்ஸ் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிரியர்லி என்பார் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். நம் வீடுகளில் எவர்சில்வராக வழங்கும் பாத்திரங்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அதிலுள்ள குரோமியம் மெல்லிய படலமாகித் துருவைத் தடுக்கிறது. தாங்கிகளுக்குரிய கடினவகையில் கார்பனும் சேர்வதால் உறுதி மிகுகிறது. ஆயினும் அவ்விரண்டும் இணைந்து உருவாகும் பெரிய கார்பைடு துகள்களின் ஓரத்தில் விரிசல் எளிதில் தொடங்கக்கூடும். துருவை வென்ற உலோகமும் சோர்வை வென்றதில்லை. எனவே எப்பொறிக்கும் அளவான சுமையும், தூய மசகெண்ணெயும், உரிய காலத்தில் உறுப்பு மாற்றமும் தேவைப்படுகின்றன.

குறுகிய வாழ்வு, நெடிய பயன்

1885இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரான ஹெர்ட்ஸ், அடுத்த ஆண்டு எலிசபெத் டால் என்பாரை மணந்தார். அங்கேதான் 1886 முதல் 1888 வரை செய்த ஆய்வுகளால் மின்காந்த அலைகள் உண்டு என்பதை மெய்ப்பித்து உலகப்புகழ் பெற்றார். அப்பெரும்புகழின் ஒளியில் விடுமுறைக்கால ஆய்வு பலருக்கும் தெரியாமல் போயிற்று. 1889இல் பான் பல்கலைக்கழகம் சென்ற அவரை 1892 முதல் கடும்நோய் வாட்டியது. அறுவை மருத்துவங்களும் நிலையான நலம் தரவில்லை. வலியினூடே இயக்கவியல் நூல் ஒன்றை எழுதி முடித்தார். அது அச்சாகி வருமுன், 1894ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. மனைவியும் இரு பெண்மக்களும் அவர் பிரிவால் தவித்தனர்.

அதிர்வெண்ணின் அலகு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயின் அவர் பெயர் எழுதப்படாத இடங்களிலும் அவர் உழைப்பு வாழ்கிறது. இராஜபாளையத்துக் கதிர் ஓயாது சுழல்வதும், திருவில்லிபுத்தூரைக் கடந்து தொடர்வண்டி விரைவதும், கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு வட்டத்தின் வலிமையால்தான். அதனை முதன்முதலில் அளந்து சொன்னது, தன் விடுமுறையை ஒரு வினாவுக்குக் கொடுத்த அந்த இளைஞரின் கை.