கஞ்சமலை இரும்பும் ஹீத் துரையும்

சேலத்துக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கிறது கஞ்சமலை. சித்தர் கோயிலால் புகழ் பெற்ற அம்மலை, இரும்புத் தாதுவாலும் புகழ் பெற்றது. அதன் அருமையை மேல்நாட்டார்க்கு எடுத்துரைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். எஃகின் வரலாற்றை எழுதுவோர் இவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த ஹீத், சேலத்தில் வணிக அதிகாரியாக வாழ்ந்தவர். இங்குள்ள சிற்றூர்களில் இரும்பு உருக்கும் முறையை அவர் நேரில் கண்டு குறித்து வைத்தார். நான்கடி உயரமுள்ள களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, அதற்கு மூங்கில் குழல், எரிக்க மரக்கரி. தாதுவை இடித்து, புடைத்தோ கழுவியோ கல்லை நீக்கி உலையில் இடுவர். மூன்று நான்கு மணி நேரம் துருத்தி ஊதினால் ஓர் இரும்புக் கட்டி கிடைக்கும். அதைத் துண்டாக்கி, ஆவாரங்குச்சியுடன் மண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து மீண்டும் காய்ச்சினால் உயர்ந்த எஃகு. அந்த இலையும் குச்சியும் கரியாகி இரும்பில் கலப்பதே அதன் வேதியியல். எழுத்தறியாத உழைப்பாளர்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தனர்.

இத்தொழிலைப் பெரிய அளவில் நடத்த விரும்பிய ஹீத், 1825இல் பதவியைத் துறந்தார். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். தாது சேலத்திலிருந்து சென்றது. கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. கடனோ வளர்ந்துகொண்டே போனது. விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறி இரண்டாண்டுகள் கழித்து, 1839இல், இங்கிலாந்தில் அவர் ஒரு காப்புரிமை பெற்றார். மாங்கனீசைச் சேர்த்தால் எஃகு நன்றாகப் பற்றவைக்க வரும் என்பதே அவர் கண்டது. ஷெஃபீல்டு நகரத்து ஆலைகள் அதனால் கொழித்தன. எஃகின் விலை குறைந்தது. ஆனால் அவர் முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டவர்கள் உரிமைப் பணம் தர மறுத்தனர். வழக்காடியே வாழ்நாளைக் கழித்த ஹீத் 1851இல் மறைந்தார். 1855இல் வந்த இறுதித் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது.

அவருக்குப் பின் வந்த கம்பெனி, காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை அமைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. சிற்றூர் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பிறகு கரிக்கு மரம் வெட்டுவதும் அரிதாயிற்று. உலைக்காரர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடினர்.

இன்று கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கிறது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட அவ்வாலை, 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. மலையின் தாதுவை உருக்கி அன்று, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக்கியே தொடங்கியது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

என் தந்தையார் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறார். அன்றைய உலைக்காரர் ஊரிலேயே உழைத்தார். இவர் விடியலில் பேருந்து ஏறுகிறார். அவருக்குத் தோல் துருத்தி, இவருக்கு மின்சாரம். அவருக்குக் கட்டிக்கு இவ்வளவு என்று கூலி. இவருக்குச் சனிக்கிழமைச் சம்பளம். வெல்டிங் குச்சியில் மாங்கனீசு உண்டு என்று வகுப்பில் படித்ததை ஒருநாள் வீட்டில் சொன்னேன். தீப்பொறியின் நிறத்தைக் கொண்டே எந்தக் குச்சி நல்லது என்று தமக்குத் தெரியும் என்றார் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் அந்தப் பாடத்தை அவர் எனக்கு முன்பே கற்றிருந்தார்.

ஹீத்துக்கு வழக்காடவாவது ஒரு காப்புரிமை இருந்தது. அவருக்கு ஆசான்களாக விளங்கிய சேலத்து உலைக்காரர்களின் பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. எழுத்தறிந்த முதல் தலைமுறையாகிய நாம், நம் பெற்றோரின் கைத்திறனையேனும் கேட்டு எழுதி வைப்போமாக. நாளைய மாணவர்கள் அவர்களையும் பெயர் சொல்லிப் படிக்கட்டும்.