மணவிலக்கை ஏற்காத மகாராணி

மருமக்கள்வழி என்பது யாது என்று நாஞ்சில் நாட்டாருக்கு விளக்க வேண்டுவதில்லை. அம்முறையால் விளைந்த அல்லல்களைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நகைச்சுவை ததும்ப மான்மியமாகப் பாடினார். 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறையை மாற்றியமைத்தது. இப்பகுதியை நெடுங்காலம் ஆண்ட திருவிதாங்கூர் அரச குடும்பமும் அதே வழியினதே. அரியணை அரசரின் மகனுக்கன்று, உடன்பிறந்தாள் மகனுக்கே உரியது. ஆதலால் குடும்பத்தில் பெண் மகவு இல்லையெனில் அரச மரபே அற்றுவிடும்.

அத்தகைய நெருக்கடி நேர்ந்தபோது, 1857இல் மாவேலிக்கரையிலிருந்து இரு சிறுமியர் தத்தெடுக்கப்பட்டனர். அவருள் மூத்தவரே பரணி திருநாள் இலட்சுமிபாய். 1848இல் பிறந்த அவருக்கு 1859இல் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் சங்கனாச்சேரி இலட்சுமிபுரம் அரண்மனையைச் சேர்ந்த கேரளவர்மர், வயது பதினான்கு. வலியகோயித் தம்புரான் என்று பின்னாளில் மலையாள இலக்கிய உலகம் போற்றிய பெரும்புலவர் இவரே. காளிதாசரின் சாகுந்தலத்தை மலையாளத்தில் பெயர்த்தமையால் கேரள காளிதாசர் எனவும் பெயர் பெற்றார். இலட்சுமிபாயின் தங்கையருள் ஒருவர் ஓவியர் இரவிவர்மாவை மணந்தார். ஓர் இல்லத்துப் பெண்கள் இருவருள் ஒருவருக்கு எழுதுகோலும் மற்றவருக்குத் தூரிகையும் துணையாக வாய்த்தமை வியப்பே!

எனினும் இராணியின் கணவர் என்னும் நிலை நாம் எண்ணுவது போல் உயர்ந்ததன்று. அவருக்கு அரசுரிமை கிடையாது. மனைவியோடு ஒத்த தகுதியும் கிடையாது. மணவுறவு நிலைப்பதும் நீங்குவதும் பெண்வீட்டாரின் விருப்பத்தைச் சார்ந்தவை. அரண்மனையிலோ அவ்விருப்பம் என்பது அரசரின் விருப்பமே.

அப்போது அரசர் ஆயில்யம் திருநாள் (1860 - 1880). தொடக்கத்தில் கேரளவர்மர்பால் அன்பு கொண்டிருந்த அவர் பிற்காலத்தில் ஐயுறவு கொண்டார். அரசருக்கும் அவர்தம் இளவல் விசாகம் திருநாளுக்கும் இடையே நிலவிய பிணக்கில் கேரளவர்மர் இளவல் பக்கம் சாய்ந்தவராகக் கருதப்பட்டார். 1875 ஆகஸ்டில், அரசருக்கு எதிராகச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டு ஆலப்புழைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஓராண்டிற்கு மேல் அங்கிருந்த பின்னர் அரிப்பாட்டில் இல்லக்காவலில் வைக்கப்பட்டார். அரசரிடம் மன்னிப்பு வேண்டி வடமொழியில் ஆயிரம் செய்யுள் இயற்றினார். அரசர் மனம் இரங்கவில்லை.

இலட்சுமிபாய்க்கு அப்போது வயது இருபத்தேழு, மக்கட்பேறும் இல்லை. கேரளவர்மரை நீக்கிவிட்டு வேறொருவரை மணந்துகொள்ளுமாறு அரசர் வற்புறுத்தினார். வழக்கப்படி அதற்குத் தடை ஏதுமில்லை. ஊரார் பழிக்கவும் வழியில்லை. வாரிசு வேண்டும் என்னும் அரச நோக்கமும் அதற்கு ஆதரவாகவே நின்றது. ஆயினும் இராணி இசையவில்லை. தம்மைத் தத்தெடுத்த குடும்பத்தின் தலைவரும் நாட்டின் அரசருமாகிய ஒருவரின் சொல்லை அவ்வரண்மனை எல்லைக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு ஐந்தாண்டுகள் மறுத்து நிற்பது எளிதோ?

இவ்விடத்தில் இங்கிலாந்து அரச குடும்பத்து மார்கரெட் இளவரசியின் வாழ்வு நினைவுக்கு வருகிறது. மணவிலக்குப் பெற்ற ஒருவரை மணக்கும் எண்ணத்தைத் திருச்சபையின் நெறி கருதி 1955இல் கைவிட்டவர் அவர். 1960இல் ஆன்டனி ஆம்ஸ்ட்ராங் ஜோன்ஸ் என்னும் புகைப்படக் கலைஞரை மணந்து, மக்கள் இருவரைப் பெற்று, 1978இல் மணவிலக்குப் பெற்றார். அங்கே விரும்பியவரை அடைய அரண்மனை தடையாயிற்று. இங்கே விரும்பியவரை விட்டு விலகுமாறு அரண்மனையே ஏவிற்று. மருமக்கள்வழியில் பெண்ணுக்கு முழு உரிமை இருந்தது என்று பேசுவோர் உளர். அவ்வுரிமையைக் குடும்பத் தலைவரே தம் கையில் வைத்திருந்தார் என்பதை இராணியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தார். விசாகம் திருநாள் அரியணை ஏறியதும் கேரளவர்மர் விடுதலை பெற்று மனைவியிடம் திரும்பினார். மறு ஆண்டில் விக்டோரியா மகாராணியார், பெண்டிர்க்கென நிறுவப்பட்டிருந்த இந்திய மகுட விருதை இலட்சுமிபாய்க்கு வழங்கினார்.

சிறைக்காலத்துப் பிரிவையே பொருளாகக் கொண்டு 1894இல் கேரளவர்மர் இயற்றிய நூல் மயூர சந்தேசம். அரிப்பாட்டு முருகன் கோயிலின் மயிலைத் திருவனந்தபுரத்திலுள்ள மனைவியிடம் தூது விடுப்பதாக அமைந்தது. தூது இலக்கியம் பயின்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையும் செவிக்குப் பழக்கமானதே. ஆனால் தூது நூல்களிற் பெரும்பாலானவற்றில் தலைவன் தலைவியர் கற்பனை மாந்தர். இதிலோ பிரிவும் உண்மை, காத்திருந்தவளும் உண்மை.

இருவருக்கும் இறுதிவரை மகப்பேறு வாய்க்கவில்லை. அரச குடும்பத்தில் மீண்டும் பெண் வழி அற்றுப்போகவே, 1900இல் இரவிவர்மாவின் பேத்தியர் இருவர் தத்தெடுக்கப்பட்டனர். அவருள் இளையவரான சேது பார்வதிபாயின் மகனே 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட சித்திரைத் திருநாள். தத்தெடுத்த மறு ஆண்டிலேயே, 1901இல், இலட்சுமிபாய் காலமானார். கேரளவர்மர் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 செப்டம்பரில் காயங்குளத்திற்கு அருகே மோட்டார் வண்டி விபத்தில் காயமுற்று, இரண்டொரு நாளில் உயிர் நீத்தார்.