கம்பெனி மூழ்கியது, பேரு மூழ்கலை! - லண்டன் பேங்க் வாசலில் ஜாம்ஷெட்ஜி டாடா

புதுவாயல் கூட்ரோட்டில் இருந்து கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் போய்ப் பாருங்க. எங்கே திரும்பினாலும் இரும்புதான். கம்பி ஏத்தின லாரி, வெல்டிங் பட்டறை, லேத் ஒர்க்ஸ். இப்படி ஒரு பட்டறை வெச்சு, ஆர்டர் குறைஞ்சு, இஎம்ஐ கட்ட முடியாம ஷட்டரை இழுத்து மூடினவங்க இங்கே நிறைய பேர். மூடின வலியைவிட பெரிய வலி ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, மறுபடி தொழில் தொடங்கலாம்னு பேங்குக்குப் போவாங்க. மேனேஜர் கம்ப்யூட்டரில் சிபில் ஸ்கோரைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்த நிமிஷம்தான் வலிக்கும்.

இந்தியாவில் பெரிய இரும்பு ஆலை வரணும்னு கனவு கண்ட மனுஷனும் கடனாளியா பேங்க் வாசலில் நின்னவர்தான். அப்போ அவருக்கு வயசு 26. பேரு ஜாம்ஷெட்ஜி டாடா.

பஞ்சு கொடுத்த பணம்

1839 மார்ச் 3-ம் தேதி குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர் ஜாம்ஷெட்ஜி. பார்சி புரோகிதர் குடும்பம். அப்பா நுசர்வான்ஜிதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலா வியாபாரத்துக்கு வந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858-ல் படிப்பை முடிச்ச மகன், நேரா அப்பா கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஹாங்காங் கிளை வேலைக்குக் கிளம்பிட்டார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடிச்சது. அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் போய்க்கிட்டு இருந்த பஞ்சு நின்னுபோச்சு. லங்காஷயர் மில்காரங்க பார்வை இந்தியா பக்கம் திரும்ப, பம்பாயில் பஞ்சு விலை தாறுமாறா ஏறிச்சு. வந்த பணத்தை எங்கே போடறதுன்னு தெரியாம, தினம் ஒரு கம்பெனி, தினம் ஒரு பேங்க் முளைச்சது. கடலைத் தூர்த்து நிலமாக்கறோம்னு சொன்ன கம்பெனியின் ஷேர்கூட பல மடங்கு விலைக்குப் போச்சு. இந்த ஆட்டத்தின் ராஜா, பிரேம்சந்த் ராய்சந்த். அவரோட சேர்ந்து லண்டனில் ஒரு இந்திய பேங்க் தொடங்கலாம்னு நுசர்வான்ஜிக்கு ஆசை. அதுக்குத்தான் மகனை லண்டனுக்குக் கப்பல் ஏத்தினார்.

கையில் இருந்தது வெறும் பேப்பர்

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிஞ்சது. அமெரிக்கப் பஞ்சு திரும்ப வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே இந்தியப் பஞ்சு விலை பாதாளத்துக்குப் போயிடுச்சு. பம்பாயில் கம்பெனிகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சன. பிரேம்சந்தும் விழுந்தார். ஷேரை நம்பிக் கடன் கொடுத்த பேங்க் ஆஃப் பாம்பே தள்ளாடி, 1868-ல் மூடவே வேண்டியதாச்சு.

லண்டனில் ஜாம்ஷெட்ஜி கையில் இருந்தது பஞ்சு பில்களும் ஷேர் பத்திரங்களும். அதை அடமானமா நம்பித்தான் அங்கே கடன் புழங்கியது. இப்போ அந்தப் பத்திரத்துக்கு மதிப்பே இல்லை. புது பேங்க் தொடங்கப் போனவர், ஒரே மூச்சில் கடன்காரர் ஆகிட்டார். ஊர் புதுசு, ஆட்கள் புதுசு. நம்ம ஊர் பாஷையில் சொன்னா, போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு அடுத்த கப்பலைப் பிடிக்கிற நிலைமை.

அவர் ஓடலை. கடன் கொடுத்த பேங்க்காரங்களை எல்லாம் நேரா போய்ப் பார்த்தார். வரவேண்டியது இவ்வளவு, தரவேண்டியது இவ்வளவு, இந்தப் பத்திரத்துக்கு இனி மதிப்பு கிடையாதுன்னு கணக்கை அப்படியே விரிச்சு வெச்சார். மறைக்கலை, அழகுபடுத்தலை. அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினவங்க எல்லோரும் தவறாமல் சொல்ற சம்பவம் அடுத்து நடந்தது. கடன்காரர்களே அவரை அந்தக் கம்பெனியின் கணக்கை முடிச்சு வைக்கிற அதிகாரியா உட்காரவெச்சாங்க. மாசம் 20 பவுண்டு சம்பளம்! தன் கம்பெனியைத் தானே கலைச்சு, கடனைத் தானே பைசல் பண்ற வேலை. எவ்வளவு கசப்பா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதையும் செஞ்சு முடிச்சார்.

இதுக்கு நேர் எதிரான கதை நம்ம சென்னையிலேயே இருக்கு. 1906 அக்டோபரில் அர்புத்நாட் கம்பெனி திவாலாச்சு. உள்ளே ஓட்டாண்டியான பிறகும் வெளியே சொல்லாம மக்கள்கிட்ட டெபாசிட் வாங்கிக்கிட்டே இருந்தது அந்தக் கம்பெனி. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போச்சு. சர் ஜார்ஜ் அர்புத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல் தண்டனை. அந்தக் காயத்தில் இருந்துதான் 1907-ல் வி.கிருஷ்ணசாமி அய்யர் முயற்சியில் இந்தியன் பேங்க் பிறந்தது. ரெண்டு கம்பெனியும் விழுந்ததுதான். ஒருத்தர் கணக்கைத் திறந்தார், இன்னொருத்தர் மூடி மறைச்சார்.

இன்னைக்கு இதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

ஜாம்ஷெட்ஜி காலத்தில் ஸ்கோர் கிடையாது, முகத்தையும் பேரையும் பார்த்துத்தான் கடன். இப்போ 300-ல் இருந்து 900 வரைக்கும் ஒரு நம்பர் நமக்கு முன்னாடியே பேங்குக்குப் போய் உட்கார்ந்துக்குது. ஆனாலும் அடிப்படை மாறலை.

கட்டமுடியாத லோனை ஒரு தொகை பேசி முடிச்சிருந்தா ரிப்போர்ட்டில் செட்டில்டுன்னு விழும். முழுசா கட்டினால்தான் க்ளோஸ்டு. செட்டில்டுன்னு இருந்தா, மிச்சப் பணத்தை பேங்க் விட்டுக்கொடுத்ததுன்னு அர்த்தம். அடுத்த பேங்க் தயங்குறது அதனாலதான். கையில் காசு வந்ததும் பழைய பேங்குக்குப் போய், பாக்கியைக் கட்டி அதை க்ளோஸ்டுன்னு மாத்த முடியுமான்னு கேளுங்க. நோ டியூ சர்ட்டிஃபிகேட்டைக் கையில் வாங்காம வெளியே வராதீங்க. ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா கொடுக்கணும். அதில் தப்பு இருந்தா புகார் பண்ணலாம். 30 நாளில் சரிபண்ணலைன்னா, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரணும்கிறது ரிசர்வ் வங்கி விதி. முக்கியமா, பழைய கதையை மேனேஜர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. ஜாம்ஷெட்ஜி லண்டனில் செஞ்சதும் இதைத்தான்.

21,000 ரூபாயில் மறுபடியும்

ஊர் திரும்பின ஜாம்ஷெட்ஜி, 1868-ல் 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்தமா ஒரு கம்பெனி தொடங்கினார். வயசு 29. அபிசீனியப் போருக்குப் போன பிரிட்டிஷ் படைக்கு சரக்கு சப்ளை செய்த கூட்டணியில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது. அதில் கிடைச்ச லாபம் குடும்பத்தை நிமிர்த்திச்சு. 1869-ல் சிஞ்ச்போக்லியில் திவாலாகிக் கிடந்த ஒரு எண்ணெய் ஆலையை வாங்கி, பஞ்சாலையா மாத்தி, ரெண்டே வருஷத்தில் லாபத்துக்கு வித்தார். இன்னொருத்தர் திவாலான இடத்தில்தான் அவருடைய இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது.

அடுத்து நாக்பூர். பம்பாயை விட்டுட்டு, பருத்தி விளையுற இடத்துக்கே மில்லைக் கொண்டுபோனார். கிடைச்சது சதுப்பு நிலம். அதைத் தூர்க்க மண் கொட்டியதைப் பார்த்த உள்ளூர் மார்வாடி பேங்க்கர், தங்கத்தைக் கொண்டுவந்து மண்ணில் போடுற ஆளுக்குக் கடன் கிடையாதுன்னு கையை விரிச்சார். 1877 ஜனவரி 1-ல் எம்ப்ரஸ் மில் ஓட ஆரம்பிச்சது. பிறகு அதே பேங்க்கர், அந்த மனுஷன் மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்துட்டார்னு ஒப்புக்கிட்டதா சொல்வாங்க. சட்டம் எதுவும் கேட்காத காலத்திலேயே, 1886-ல் தொழிலாளர்களுக்கு பென்ஷன் நிதி கொண்டுவந்த மில் அது.

மறுபடியும் ஒரு மறுப்பு

ஒருமுறை மேலே வந்துட்டா எல்லா கதவும் திறந்தே இருக்கும்னு நினைக்காதீங்க. 1886-ல் குர்லாவில் நொடிச்சுப்போன தரம்சி மில்லை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ஸ்வதேசி மில்னு பேர் வெச்சார். மெஷின் எல்லாம் ஓட்டை. போட்ட பணம் போய்க்கிட்டே இருந்தது, ஷேர் விலை சரிஞ்சது. டாடா இதோட தீர்ந்தார்னு ஊரே பேசிச்சு. கேட்ட கடனைக் கொடுக்க ஒரு பேங்க் மறுத்துடுச்சு.

அப்போ வயசு 50-ஐ நெருங்குது. குடும்பத்துக்காக எழுதி வெச்சிருந்த டிரஸ்ட்டையே ரத்து பண்ணி, எம்ப்ரஸ் மில் ஷேரில் கொஞ்சத்தை வித்து, அந்தப் பணத்தை மில்லில் போட்டார். நாக்பூரில் இருந்து நல்ல ஆட்களை வரவழைச்சு மெஷின்களைச் சரிபண்ணினார். மில் பிழைச்சது. அதோட, டாடா பேருக்கு இருந்த மதிப்பும் பிழைச்சது.

அவர் போன பிறகு

1904 மே 19-ல் ஜெர்மனியில் ஜாம்ஷெட்ஜி காலமானார். இரும்பு ஆலை கனவு அப்போ காகிதத்தில்தான். மகன் தோராப்ஜி முதலீடு தேடி லண்டன் போனார், கைகொடுக்க யாரும் முன்வரலை. 1907-ல் பம்பாய் மக்கள்கிட்டயே ஷேரை விற்றாங்க. நம்ம வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட அதே காலம். மூணே வாரத்தில் சுமார் 8,000 பேர் சேர்ந்து முழுத் தொகையையும் போட்டுட்டாங்க. 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வந்தது.

1924-ல் அந்த ஆலைக்கே சம்பளம் போடக் காசில்லாத நிலைமை. தோராப்ஜி தன் சொந்த சொத்தை எல்லாம் இம்பீரியல் பேங்கில் அடமானம் வெச்சு ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். மனைவி மெஹர்பாயின் ஜூபிளி வைரமும் அதில் அடக்கம். 245 கேரட், கோஹினூரைவிட ரெண்டு மடங்குக்கும் மேல பெருசு. ஆலை நிமிர்ந்தது, வைரமும் மீண்டது. அவங்க ரெண்டு பேரும் போன பிறகு அந்த வைரத்தை வித்த பணம் டிரஸ்ட்டுக்குப் போச்சு. 1941-ல் மும்பையில் டாடா நினைவு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினதும் அதே டிரஸ்ட்தான்.