டைஃபாய்டு மேரி: காய்ச்சலே இல்லாமல் 26 ஆண்டுகள் தனிமையில் வைக்கப்பட்ட சமையல்காரப் பெண்

1906 கோடை. நியூயார்க் அருகே பணக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் ஊர் ஆய்ஸ்டர் பே. வங்கி அதிபர் சார்லஸ் ஹென்றி வாரன் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது.

டைஃபாய்டு என்றால் நெரிசலான குடியிருப்புகளில் வாழும் ஏழைகள், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் நோய் என்பதுதான் அன்றைய பொது எண்ணம். மாளிகைக்குள் அது எப்படி வந்தது? இனி யார் வாடகைக்கு வருவார்கள் என்று பதறிய வீட்டு உரிமையாளர், ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை வரவழைத்தார்.

தண்ணீர், பால், கிளிஞ்சல் என்று எல்லாவற்றையும் அலசிய சோப்பர், கடைசியில் ஒரு சமையல்காரரிடம் வந்து நின்றார். பெயர் மேரி மாலன். நோய் வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பீச் பழம் போட்டு அவர் செய்யும் ஐஸ்கிரீம் அந்த வீட்டில் பிரபலம். சூடாகச் சமைத்தால் கிருமி செத்துவிடும். ஐஸ்கிரீமில் அதற்கு வாய்ப்பே இல்லை.

யார் இந்த மேரி?

1869இல் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தனியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அயர்லாந்துப் பெண்களுக்கு அங்கே எளிதாகக் கிடைத்தது வீட்டு வேலை. மேரிக்குக் கைமணம் இருந்ததால் சமையல்காரர் ஆனார். அந்த வேலைகளில் நல்ல சம்பளம் அதற்குத்தான்.

அவர் வேலை பார்த்த 8 குடும்பங்களைச் சோப்பர் தேடிப் பிடித்தார். அதில் 7 வீடுகளில் டைஃபாய்டு. மேரி மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். டைஃபாய்டு வந்து குணமானவர்களில் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். காய்ச்சல் இருக்காது, ஆனால் மலத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம். 1907இல் டாக்டர்களுக்கே புதுசு.

அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவர் சமையலறைக்குள் வந்து, உன்னால்தான் ஜனங்களுக்கு நோய் வருகிறது, மலம், சிறுநீர், ரத்தம் எல்லாம் கொடு என்று கேட்டால்? இறைச்சி வெட்டும் முள்கரண்டியோடு சோப்பரைத் துரத்தினார் மேரி. பிறகு டாக்டர் சாரா ஜோசபின் பேக்கர் போலீஸோடு வந்தார். பல மணி நேரத் தேடலுக்குப் பிறகு மேரி பிடிபட்டார். திமிறியவரை அடக்க, ஆம்புலன்ஸில் வழி முழுக்க அவர் மேலேயே உட்கார்ந்து போனாராம் பேக்கர்.

நார்த் பிரதர் தீவு மருத்துவமனை வளாகத்தில் ஒரு சிறு வீட்டில் வைத்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. 1909இல் நீதிமன்றம் போனார், தோற்றார். இனி சமையல் வேலை செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் 1910இல் விட்டார்கள். கிடைத்தது துணி துவைக்கும் வேலை. சம்பளம் படுமோசம்.

1915இல் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு. 2 பேர் இறந்தனர். சமையலறையில் மேரி பிரவுன் என்ற பெயரில் இருந்தது மேரி மாலன்தான். இதை நியாயப்படுத்த முடியாது. பிரசவ மருத்துவமனை அது. மறுபடி தீவு. இந்த முறை சாகும்வரை.

மற்றவர்களுக்கு என்ன நடந்தது?

டோனி லபெல்லா என்பவர் மூலம் 122 பேருக்கு நோய் பரவியது, 5 பேர் இறந்தனர். மேரி மூலம் பரவியதாகப் பதிவானவர்கள் 50 பேர் அளவில்தான், சாவு 3. ஆனால் லபெல்லா தனிமையில் இருந்தது 2 வாரம். தடையை மீறி உணவுத் தொழில் செய்த அல்போன்ஸ் கோட்டில்ஸ் என்ற பேக்கரிக்காரரை 1924இல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பவில்லை. இருவரும் ஆண்கள். மேரியோ கல்யாணமாகாத, ஐரிஷ்காரி, வேலைக்காரி, அதிலும் வாய்த்துடுக்கு.

பயத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் பிறந்தவர்களிடையே காசநோய் மரணம், அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளையர்களைவிட மிக அதிகம். ஆனால் அதே நெரிசலில் வாழ்ந்த, ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்களிடையே அது குறைவு. வந்தேறி என்றாலே நோய் என்ற கணக்கு அப்போதே உதைத்தது. பத்திரிகைகள் அதைப் பார்க்கவில்லை. மண்டை ஓடுகளை வாணலியில் போடும் பெண்ணாக மேரியை வரைந்தன.

தீவில் பிறகு ஆய்வகத்தில் வேலை கொடுத்தார்கள். 1932இல் பக்கவாதம். 1938 நவம்பர் 11இல் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் 9 பேர். அந்த ஆண்டில் நியூயார்க் சுகாதாரத் துறையின் பட்டியலில் அவரைப் போலவே கிருமியைச் சுமந்தவர்கள் 400 பேருக்கு மேல். அவர்கள் தங்கள் வீடுகளில்தான் இருந்தார்கள்.