நம்ம கார் செல்ஃப் எடுக்குதுன்னா, இவருக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்... ஆனா ஒரு கணக்கு பாக்கி இருக்கு!

காலையில ஆபீஸுக்கு லேட். சாவியைத் திருகினா கார் 'கிர்ர்... கிர்ர்...'னு இழுக்குது, ஸ்டார்ட் ஆகல. ஒருவழியா ஸ்டார்ட் ஆனதும் டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் லைட் எரியுது. இந்த ரெண்டு தலைவலியிலயும் ஒரே மனுஷனோட கைரேகை இருக்கு. பெயர் சார்லஸ் கெட்டரிங்.

1876-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே கண்ணில் பிரச்னை. காலேஜைப் பாதியில் விட்டுட்டு டெலிபோன் லைன் போடும் வேலைக்குப் போனார். திரும்ப வந்து படிச்சு 1904-ல்தான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சார். அடுத்து, டேட்டன் நகரத்தில் கல்லாப்பெட்டி மெஷின் செய்யும் கம்பெனியில் வேலை. கையால் சுத்தின அந்த மெஷினுக்குக் குட்டி மோட்டார் வெச்சது இவர்தான்.

அப்போ கார் ஸ்டார்ட் பண்றது உயிர் போகிற விஷயம். முன்பக்கம் இரும்புக் கம்பியைச் சொருகிச் சுத்தணும். இன்ஜின் திருப்பி உதைச்சா கம்பி எகிறி கை, தாடைன்னு எலும்பை உடைச்சிடும். இதுக்கு மோட்டார் வைக்கலாமேன்னு கேட்டா, அந்த மோட்டாரே இன்ஜின் சைஸுக்கு இருக்கணும்னு நிபுணர்கள் கையை விரிச்சாங்க. கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. மோட்டார் நாள் பூரா ஓட வேண்டாமே, சில நொடி முழு மூச்சா இழுத்தா போதாதா? நண்பரோட கொட்டகையில் சின்ன டீமோட ராப்பகலா உழைச்சார். 1912 மாடல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துடுச்சு. இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அதே மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரியை சார்ஜ் பண்ணும். செம ஐடியா இல்ல?

இன்னிக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா மெக்கானிக் முதல்ல பார்க்கிறது பேட்டரியைத்தான். அந்தச் சில நொடியில் அது கொடுக்கிற கரன்ட் அவ்வளவு அதிகம்.

இனிமேதான் கதை கசக்கும். இன்ஜின் 'டக் டக்'னு நாக்கிங் ஆகுறதுக்கு கெட்டரிங்கோட பேட்டரி இக்னிஷன்தான் காரணம்னு பழி வந்தது. காரணம் பெட்ரோல்தான்னு நிரூபிக்கக் கிளம்பினார். 1921-ல் அவர்கிட்ட வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி மருந்தைக் கண்டுபிடிச்சார். பெட்ரோல்ல கொஞ்சம் ஈயக் கலவை! ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா ஆல்கஹாலுக்கு பேடன்ட் வாங்க முடியாதே. ஈயம் விஷம்ங்கிறது அன்னிக்குப் புது விஷயமும் இல்ல. 1924-ல் இந்தக் கலவையை விற்க ஒரு கம்பெனியே தொடங்கினாங்க, தலைவர் கெட்டரிங். அதே வருஷம் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் புத்தி பேதலிச்சு, ஐந்து பேர் செத்துப் போனாங்க. விற்பனை கொஞ்ச நாள் நின்னு, 1926-ல் திரும்பவும் தொடங்கிடுச்சு. என்னால கெட்டரிங்கை மன்னிக்க முடியாத இடம் இதுதான்.

1945-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாக உதவினார், அதில் அவர் பெயரும் இருக்கு. 1958-ல் 82 வயதில் இறந்தார்.

அப்புறம் புகையைச் சுத்தப்படுத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் படிஞ்சா அதுக்குள்ள இருக்கிற பிளாட்டினம் செயலிழந்துடும். அதனாலதான் அமெரிக்காவில் 1975 மாடல் கார்களோட ஈயமில்லாத பெட்ரோல் பரவுச்சு. இந்தியாவுக்கு அது முழுசா வந்தது 2000-ல். கடைசியா நிறுத்தின நாடு அல்ஜீரியா, 2021-ல்.

அந்த மஞ்சள் லைட் காவல் காக்கிற முக்கியமான பார்ட்ல இந்த கன்வெர்ட்டரும் ஒண்ணு. பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட்டிங் இழுத்து, லைட்டும் எரிஞ்சா, டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்புற பர்ஜ் வால்வு மூடாம இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, பேட்டரியை உடனே மாத்திடாதீங்க பாஸ்.